வாக்கின் எடை: தேர்தல் ஆணையமும் கிள்ளான் பள்ளத்தாக்கும்

தேர்தலைப் பற்றித் தமிழில் எவர் பேசத் தொடங்கினும் உத்திரமேரூருக்கு ஒருமுறை சென்று வராமல் பேச்சு நகர்வதில்லை. நாமும் அவ்வழக்கை மீறவில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஓலைகளைக் குடத்திலிட்டதையும், சிறுவன் ஒருவனைக் கொண்டு அவற்றை எடுப்பித்ததையும் நாம் பெருமையுடன் எடுத்துரைக்கிறோம். நிலமும் கல்வியும் உடைய சிலருக்கே அச்சபையில் இடமிருந்தது என்பதை அத்துணை விருப்பத்துடன் சொல்வதில்லை. அது நிற்க. அக்கல்வெட்டில் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி வேறொன்று உண்டு. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புதோறும் ஒருவர் தெரிவு செய்யப்பட்டார். குடத்தைக் காப்பவர் யார் என்பது ஒரு வினா. குடும்பின் எல்லையை வகுப்பவர் யார் என்பது அதற்கு முற்பட்ட வினா.

மலேசியாவின் தேர்தல் ஆணையம் பிறந்தபோது இவ்விரு பொறுப்புகளும் அதன் கையில் இருந்தன. ஐந்தே ஆண்டுகளுள் இரண்டாவது பொறுப்பின் முடிவுரிமை அதனிடமிருந்து நீங்கிற்று. அந்நீக்கத்தின் விளைவை நாட்டின் எப்பகுதியையும்விடத் தெளிவாகக் காட்டும் நிலம் நாம் வாழும் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கேயாகும். ஆகவே பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நின்றுகொண்டே இவ்வரலாற்றைப் பார்க்க முற்படுகிறோம்.

வாக்குரிமை இல்லாத காலத்தில் இங்கிருந்த தமிழர் தம் குறையை எவ்வாறு வெளிப்படுத்தினர் என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதனை முன்னின்று நடத்தினார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்பது ஒரு கோரிக்கை. துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டிறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது இன்னொன்று. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். அன்று சட்டமன்ற அவைகளில் இந்தியருக்காகப் பேசியவர்கள் அரசால் நியமனம் பெற்றவர்கள். தோட்டப்புறத்து மனிதன் ஒருவன் தன் விருப்பப்படி ஓர் உறுப்பினரை அனுப்பவோ, அனுப்பியவரைத் திரும்ப அழைக்கவோ வழியில்லை.

பதினோராண்டுகள் கழித்து, 1952 பிப்ரவரி 16 அன்று, கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தல் நடந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, 1951 டிசம்பரில், ஜார்ஜ் டவுனில் முதல் நகராண்மைத் தேர்தல் நடந்திருந்தது. கோலாலம்பூரில் செந்தூல், பெட்டாலிங், இம்பி, பங்சார் என நான்கு வட்டாரங்கள். மொத்தம் 12 இடங்கள். அம்னோவும் மலாயாச் சீனர் சங்கமும் கைகோத்து அவற்றுள் 9 இடங்களைப் பெற்றன. டத்தோ ஓன் ஜாபாரின் மலாயா சுதந்திரக் கட்சிக்கு இரண்டே கிடைத்தன. நாட்டின் பின்னாளைய கூட்டணி அரசியலுக்கு வித்திட்ட தேர்தல் என்று வரலாற்று நூல்கள் இதனைக் குறிக்கும். நமக்கு அதில் மற்றொரு சிறப்பும் உண்டு. மலாயாவில் மக்கள் வாக்கால் பொதுப் பதவிக்கு வந்த முதற்பெண் தேவகி கிருஷ்ணன் தெரிவானது இத்தேர்தலில்தான். பெண்ணொருவர் வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்டதை இந்நகரம் அன்றே கண்டது. கிள்ளானிலும் 1954-இல் நகர மன்றத்துக்கு மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினர்.

இத்தேர்தல்களையும், 1955 சூலை 27-இல் நடந்த கூட்டரசுத் தேர்தலையும் குடியேற்ற அரசின் அதிகாரிகளே நடத்தினர். 1955-இல் 52 இடங்களுள் 51-ஐக் கூட்டணி வென்றது. எவரும் முறைகேடு என்று பெரிதாகக் குரலெழுப்பவில்லை. ஆயினும் விடுதலை பெறும் நாட்டில் இவ்வேலையை ஆளுங்கட்சியின் கீழ்ப் பணியாற்றும் அதிகாரிகளிடம் விடலாகாது என்பதை அரசியலமைப்பை வரைந்தோர் உணர்ந்திருந்தனர். ரீட் பிரபுவின் தலைமையில் அமைந்த ஆணைக்குழுவில் பிரிட்டனின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மெக்கெல், இந்தியாவின் பி. மாலிக், பாகிஸ்தானின் அப்துல் ஹமீது ஆகியோர் இருந்தனர். ஜென்னிங்ஸ் இலங்கையின் அரசியலமைப்பு ஆக்கத்திலும் பங்கு கொண்டவர். அந்நாட்டில் 1948, 1949-ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தோட்டத் தமிழரின் குடியுரிமையையும் வாக்கையும் ஒருசேரப் பறித்திருந்தன. 1947-இல் நாடாளுமன்றத்துக்கு ஆளனுப்பிய அம்மக்களுக்கு 1952-இல் ஒருவரும் இல்லை. வாக்குப்பெட்டியைத் தொடாமலேயே ஒரு மக்களைத் தேர்தலிலிருந்து அகற்ற முடியும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று தமிழர் வரலாற்றில் இல்லை.

மலாயாவில் நிலை வேறாயிற்று. 1957-இன் குடியுரிமை விதிகள் பலருக்குக் கதவைத் திறந்தன. 1955-இல் பதிவு பெற்ற வாக்காளருள் ஏறத்தாழ 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர். இந்தியர் விரல்விட்டு எண்ணும் அளவினர். 1959-இலோ மலாய்க்காரர் பங்கு 57 விழுக்காட்டளவிலும் இந்தியர் பங்கு 7 விழுக்காட்டளவிலும் நின்றன. நான்கே ஆண்டுகளில் வாக்காளர் பட்டியலின் முகம் மாறிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமலும் பதிவின் அருமை அறியாமலும் தோட்டங்களில் தங்கிவிட்டோரின் துன்பம் வேறு வரலாறு. அதன் எச்சத்தைச் சிவப்பு அடையாள அட்டைகளாக நாம் இன்னமும் காண்கிறோம்.

1957 செப்டம்பர் 4 அன்று, விடுதலை பெற்ற நான்காம் நாள், தேர்தல் ஆணையம் அமைந்தது. ஹாஜி முஸ்தபா அல்பக்ரி அதன் முதல் தலைவர். அரசியலமைப்பின் 114-ஆம் பிரிவு அதன் உறுப்பினர்களை ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்தபின் மாமன்னர் நியமிப்பார் என்கிறது. அவ்வாறு நியமிக்கையில் பொதுமக்களின் நம்பிக்கையைப் பெறும் ஆணையமாக அது அமைய வேண்டியதன் இன்றியமையாமையை மனத்திற்கொள்ள வேண்டும் என்றும் அது பணிக்கிறது. உறுப்பினரைப் பதவி நீக்குவதாயின் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியை நீக்கும் வழியிலேயே நீக்க இயலும். நியமனத்தின் தகுதியோடு மக்கள் நம்பிக்கையையும் எழுத்தில் சேர்த்த விதிகள் நம் அரசியலமைப்பில் அரியவை. 113-ஆம் பிரிவு மூன்று பணிகளைத் தருகிறது: தேர்தலை நடத்துதல், வாக்காளர் பட்டியலைப் பேணுதல், தொகுதிகளை வரைதல்.

மூன்றாவது பணிக்கு அன்று ஒரு வரம்பு இருந்தது. ஒரு தொகுதியின் வாக்காளர் தொகை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. நாட்டுப்புறத்தில் வாக்காளரைச் சென்றடைவது கடினம் என்பதற்காக ஓரளவு சலுகை தரலாம். அச்சலுகையும் இவ்வரம்புக்குள் அடங்க வேண்டும். 1959-இன் முதல் தேர்தலுக்குக் காலம் குறுகியிருந்தமையால், 1955-இன் 52 தொகுதிகளையும் இவ்விரண்டாகப் பிளந்து 104 ஆக்கினர். முறையான எல்லைச் சீரமைப்பை ஆணையம் 1960-இல் முடித்தது. அரசியலமைப்பு சொன்னபடி நூறு தொகுதிகள்; சொன்னபடி 15 விழுக்காட்டு வரம்பு. ஆணையம் தனக்கிட்ட வேலையைச் செவ்வனே செய்தது. அதுவே அதற்கு வினையாயிற்று.

1959 தேர்தலில் கூட்டணி 104-இல் 74 இடங்களைப் பெற்று ஆட்சியை எளிதாகத் தக்கவைத்தது உண்மை. ஆனால் நகரங்களின் காற்று மாறி வீசியது. பங்சார் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். 1959-இல் அங்கு வென்றவர் தொழிற்சங்கவாதியும் சோசலிச முன்னணி வேட்பாளருமான வி. டேவிட். 1964-இல் அத்தொகுதி சிங்கப்பூரிலிருந்து வந்த மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயரைத் தேர்ந்தெடுத்தது. தீபகற்பம் முழுவதிலும் அக்கட்சி வென்ற ஒரே இடம் அது. 1969-இல் ஜனநாயக செயல் கட்சியின் கோ ஹொக் குவான் வென்றார். மூன்று தேர்தல்களில் மூன்று கட்சிகள், மூன்றும் எதிர்க்கட்சிகள். கிள்ளானோ 1959 முதல் ம.இ.கா.வின் வி. மாணிக்கவாசகத்தை அனுப்பி வந்தது. அண்மையிலுள்ள இரு நகரங்கள் இப்படி வேறு வேறு முடிவெடுத்தன என்றால், வாக்காளர் எண்ணிப் பார்த்தே வாக்களித்தனர் என்பது பொருள். எண்ணிப் பார்க்கும் வாக்காளர் நகரங்களில் பெருகுவதை ஆள்வோர் விரும்பவில்லை.

1962-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. ஆணையம் 1960-இல் வரைந்த எல்லைகள் செல்லாதனவாக்கப்பட்டன. பழைய 104 தொகுதிகள் மீண்டன. 15 விழுக்காட்டு வரம்பு நீங்கியது. நாட்டுப்புறத் தொகுதியொன்றின் வாக்காளர் தொகை நகரத் தொகுதியின் பாதியளவாகவும் இருக்கலாம் என்றாயிற்று. அனைத்தினும் பெரிய மாற்றம், எல்லையை முடிவு செய்யும் உரிமை ஆணையத்தைவிட்டு நாடாளுமன்றத்துக்குச் சென்றதே. அதன்பின் ஆணையம் பரிந்துரைக்கும் அமைப்பாயிற்று. அது தன் அறிக்கையைப் பிரதமரிடம் தரும். பிரதமர் மாற்றத்துடனோ மாற்றமின்றியோ மக்களவையில் வைப்பார். சாதாரணப் பெரும்பான்மை போதும். எவர் வெற்றி தோல்வி அந்த எல்லைகளைப் பொறுத்ததோ, அவர்களே அதனை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் நிலை இது. 1973-இல் வந்த திருத்தம் எஞ்சியிருந்த பாதியளவு என்ற வரம்பையும் நீக்கிற்று. ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகள் ஏறத்தாழச் சமமாக இருத்தல் வேண்டும் என்ற சொற்கள் மட்டும் பதின்மூன்றாம் அட்டவணையில் நிற்கின்றன. ஏறத்தாழ என்பதற்கு எண் எதுவும் இல்லை.

நாட்டுப்புறச் சலுகையே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. சரவாக்கின் உள்நாட்டு ஆற்றோரத்துத் தொகுதியை, இரண்டு தொடருந்து நிலையங்களுக்கு இடைப்பட்ட நகரத் தொகுதியோடு ஒரே தராசில் நிறுத்த இயலாது. வரம்பில்லாத சலுகையே சிக்கல். 2013 பொதுத் தேர்தலின்போது காப்பாரில் 144,000-க்கு மேற்பட்ட வாக்காளர் இருந்தனர். புத்ராஜெயாவில் 16,000-க்கும் குறைவு. மேடைதோறும் பேசப்பட்ட ஒப்பீடு இது. எனினும் புத்ராஜெயா தனிக் கூட்டரசுப் பிரதேசம் ஆதலின், இவ்வொப்பீடு முழுதும் நேரியதன்று. நேரிய ஒப்பீட்டுக்குச் சிலாங்கூரைவிட்டு வெளியே போக வேண்டியதே இல்லை. அதே ஆண்டில் அதே மாநிலத்தின் சபாக் பெர்ணத்தில் ஏறத்தாழ 37,000 வாக்காளர்தாம். காப்பாரின் நால்வர் வாக்கு சபாக் பெர்ணத்தின் ஒருவர் வாக்குக்கு ஈடு. 2022-இல் பாங்கித் தொகுதியின் வாக்காளர் 303,430 பேர். சபாக் பெர்ணம் அதில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. கிள்ளான் தொகுதியும் அவ்வாண்டில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

இதில் நம்மவர்க்குரிய ஒரு செய்தி பெரிதும் பேசப்படாமலே இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியும் போன ஆண்டுகளில் தமிழ்க் குடும்பங்கள் கூட்டங்கூட்டமாகக் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் பூச்சோங்குக்கும் கோலாலம்பூரின் புறப்பகுதிகளுக்கும் பெயர்ந்தன. குடியிருப்புப் போயிற்று, கோயில் போயிற்று, தமிழ்ப் பள்ளியின் நிலம் போயிற்று என்று நாம் எழுதியும் பேசியும் வந்திருக்கிறோம். எல்லைக்கோடு சலுகை தந்த நாட்டுப்புறத்திலிருந்து அது தண்டிக்கும் நகர்ப்புறத்துக்கு வந்த அந்நாளில் அவர்களின் வாக்கும் எடை குறைந்தது. முகவரி மாற்றப் படிவத்தை நிரப்பியபோது எவரும் அதனை அவர்களுக்குச் சொல்லவில்லை.

எடை குறைந்தது கிள்ளானில் எனில், கோலாலம்பூரில் வாக்குகளே எண்ணிக்கையில் குறைந்தன. 1952-இல் தேவகி கிருஷ்ணனைத் தேர்ந்தெடுத்த நகராண்மைத் தேர்தல் அப்பத்தாண்டு முடியுமுன்னே நின்றது. 1960-ஆம் ஆண்டின் கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்தின்படி 1961 ஏப்ரல் முதல் நகரம் நியமனம் பெற்ற ஆணையர் ஒருவரின் பொறுப்பிற்குச் சென்றது. ஏனைய ஊராட்சித் தேர்தல்களைத் தேர்தல் ஆணையம் ஏற்று நடத்தத் தொடங்கிய அதே காலத்தில் தலைநகரில் நடத்துவதற்கு ஒன்றும் இல்லாமற் போயிற்று. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான பகைமையைக் காரணம் காட்டி, நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைப்பு என்றுதான் அன்று சொன்னார்கள்.

அவ்வாண்டே ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், வழக்கறிஞர், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களுள் ஒருவர். ஆளும் கூட்டணியைச் சேர்ந்த அவரது தலைமையில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஆய்ந்த அவ்வாணையம் 1968 டிசம்பரில் அறிக்கையை அளித்தது. ஊராட்சிகளில் குறைகள் உண்டு, ஆயினும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்பது அதன் முடிபு. அறிக்கை 1971 வரை வெளியிடப்படாமல் கிடந்தது. பின்னர் அரசு அதனை ஏற்கவில்லை. 1976-இன் ஊராட்சிச் சட்டம் தேர்தலை முற்றாக ஒழித்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஆதி நாகப்பனின் பெயர் தாங்கிய சாலை இன்று உண்டு. அச்சாலையின் குழியை மூடப் பொறுப்பான மாநகர் மன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அங்குள்ளோர்க்கு இல்லை. ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் தம் கட்சிக்கு உவப்பில்லாத முடிவைத் துணிந்து எழுதினார் என்பதற்காகவேனும் அவ்வறிக்கை தமிழில் முழுமையாக ஆராயப்பட வேண்டும் என்பது நம் கருத்து.

மூன்றாவது இழப்பு 1974-இல் நேர்ந்தது. அதுவரை கோலாலம்பூர் சிலாங்கூரின் பகுதி. அந்நகரத்தார் சிலாங்கூர்ச் சட்டமன்றத்துக்கும் வாக்களித்தனர். 1969 மே 10 தேர்தலில் அச்சட்டமன்றத்தின் 28 இடங்களுள் கூட்டணிக்கு 14, எதிர்த்தரப்புக்கு 14 என்று சரிபாதியாயிற்று. மூன்று நாளில், மே 13 அன்று, நகரம் பற்றி எரிந்தது. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாயிற்று. ஐந்து நாடாளுமன்றத் தொகுதிகள் கிடைத்தன, சட்டமன்றம் இல்லை. பழைய பங்சார் தொகுதியின் பெயரும் வரைபடத்திலிருந்து மறைந்தது. தலைநகரம் கூட்டரசின் நேர்ப்பொறுப்பில் இருப்பதற்கு நிர்வாகக் காரணங்கள் உண்டு. அத்துடன் சிலாங்கூரின் நகர வாக்காளரில் பெரும்பகுதியினர் அம்மாநிலக் கணக்கிலிருந்து நீங்கினர் என்பதும் உண்டு. இன்று கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருப்பவருக்கு இரண்டு வாக்குச்சீட்டுகள். பிரிக்பீல்ட்சின் துன் சம்பந்தன் சாலையில் வாழ்பவருக்கு ஒன்று. 1952-இன் வாக்காளர் அறிந்திருந்த நகரத் தேர்தல் இருவருக்குமே இல்லை.

இத்தனைக்கும் இடையில் தேர்தல் ஆணையம் தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டே வந்தது. பொதுத் தேர்தல்தோறும் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வாக்குச்சாவடிகளில் அமர்கின்றனர்; வகுப்பறையின் கரும்பலகைக்குக் கீழே பெட்டிகள் வைக்கப்படுகின்றன; இரவோடிரவாக எண்ணி முடிக்கப்படுகிறது. அதனைக் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆனால் நம்பிக்கை என்பது எண்ணும் இடத்தில் மட்டும் பிறப்பதன்று. 2008 தேர்தலுக்கு நான்கு நாள் முன்பு அழியா மையைப் பயன்படுத்துவதில்லை என்று ஆணையம் பின்வாங்கியபோது, மை ஏற்கெனவே வாங்கப்பட்டிருந்தது. அம்மை விரலில் ஏற 2013 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் பெர்சே இயக்கம் கோலாலம்பூர் வீதிகளை நிறைத்தது. 2011-இன் பேரணியை முன்னின்று நடத்தியவர் வழக்கறிஞர் அம்பிகா சீனிவாசன். தூய பட்டியல், அழியா மை என்று அவர்கள் கேட்டவை எல்லாம் 114-ஆம் பிரிவின் அந்த ஒற்றைச் சொல்லின் விரிவுரைகளே.

2016-இல் தொடங்கிய எல்லைச் சீரமைப்பின்போது சிலாங்கூர் மாநில அரசே ஆணையத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. மாநிலத்தின் நாடாளுமன்றத் தொகுதிகள் 22 என்பதில் மாற்றமில்லை. உள்ளே கோடுகள்தாம் நகர்ந்தன. 2018 மார்ச் 28 அன்று மக்களவை அதனை 129-க்கு 80 என்ற வாக்கில் ஏற்றது. பத்தே நாளில் நாடாளுமன்றம் கலைந்தது. மே 9-இல், ஒரு புதன்கிழமையில், அறுபத்தோராண்டு ஆட்சி மாறியது. கோடு எப்படி வரையப்பட்டாலும் வெள்ளம் பெருகினால் கரை நில்லாது என்று அன்று பலர் மகிழ்ந்தனர். வெள்ளம் ஆண்டுதோறும் வருவதில்லை. கரை மட்டும் எப்போதும் இருக்கிறது. 2019-இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டு, பதிவும் தானியங்கியாயிற்று. அதன் பயனாக 2018-இல் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவாக இருந்த வாக்காளர் 2022-இல் இரண்டு கோடியே பதினோரு இலட்சத்தைத் தாண்டினர். இவ்வளர்ச்சியிலும் பெரும்பங்கு ஏற்கெனவே பருத்திருந்த நகரத் தொகுதிகளையே சேர்ந்தது.

இந்தியாவில் இவ்விரு வேலைகளும் இரு வேறு அமைப்புகளிடம் உள்ளன. தேர்தலை நடத்துவது 1950-இல் தோன்றிய தேர்தல் ஆணையம். எல்லை வரைவது அவ்வப்போது அமையும் தொகுதி வரையறை ஆணையம். அதன் ஆணை சட்டத்தின் வலிமையுடையது, நாடாளுமன்றமும் அதனைத் திருத்த இயலாது. ஆயினும் மாநிலங்களுக்குரிய இடங்களின் தொகை 1976 முதல் உறைநிலையில் கிடக்க, அது உடையும் நாளை எண்ணித் தமிழ்நாடு கவலைப்படுவதைப் பார்க்கிறோம். எனவே அம்முறையும் நோயற்றதன்று. ஒன்று மட்டும் கருதத்தக்கது. டி. என். சேஷன் 1990-இல் பதவியேற்றபோது கையிலெடுத்த சட்டம் அவருக்கு முன்னோர் கையிலும் இருந்ததே. உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தத் துணிந்தவர் வந்தபோது அதே சட்டம் வேறு வலிமை பெற்றது. நம் ஆணையத்துக்கோ, துணிவு இருந்தாலும், கோட்டின் இறுதி முடிவு கையில் இல்லை.

ஒரு சீரமைப்பு முடிந்து எட்டாண்டுகள் கழியுமுன் அடுத்ததைத் தொடங்கலாகாது என்பது விதி. தீபகற்பத்துக்கு அந்த எட்டாண்டு 2026 மார்ச்சில் நிறைகிறது. ஆணையம் புதிய வரைபடத்தை வெளியிடும்போது அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். மறுப்புத் தெரிவிக்க ஒரு மாதம். மாநில அரசும் ஊராட்சி மன்றமும் மறுப்பு எழுப்பலாம். அத்தொகுதியின் பட்டியலில் பெயருள்ள நூறு வாக்காளர் கூடிக் கையொப்பமிட்டாலும் ஆணையம் உள்ளூர் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். ஒரு கோயில் திருவிழாவின் ஏற்பாட்டுக் குழுவிலும் பள்ளிப் பெற்றோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திலும் நம் ஊர்களில் நூறு பேர் எளிதாகக் கூடுகின்றனர்.